திமிலில் பொன், சுழியில் பால்!

பாகூர் ஏரியை ஒட்டிய சிற்றூர்களிலும் வில்லியனூர், மண்ணாடிப்பட்டுப் பக்கங்களிலும் கறவை மாடொன்று கைமாறும் காட்சியைக் கண்டவர் பலர். வாங்க வந்திருப்பவள் கூட்டுறவுக் கடனை நம்பி நிற்கும் ஏழை உழத்தி. அவளுக்காகப் பேச அவள் தமையன் கையை நீட்டுகின்றான். தரகன் தன் தோள்துண்டை எடுத்துக் கைகளை மூடுகின்றான். துண்டினடியில் விரல்கள் விலை பேசுகின்றன. விலை முடியுமுன் மாட்டின் நெற்றி பார்க்கப்படுகின்றது, முதுகு தடவப்படுகின்றது, வாலின் நீளம் அளக்கப்படுகின்றது. “கோபுரச் சுழி, அம்மா! கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிச் செல்லுங்கள்” என்கின்றான் தரகன். அவளும் ஓட்டிச் செல்கின்றாள். மூன்றாம் திங்களில் பால் வற்றுகின்றது, கடன் வற்றுவதில்லை.

இத்துணை ஆய்விலும் கேட்கத்தக்க வினா மட்டும் எழவில்லை. இதன் தாய் எத்துணைப் பால் கறந்தது? இதற்குத் தந்தையான காளையின் பிற பெண்மக்கள் எத்துணை கறக்கின்றன? இவற்றை வாங்குபவளும் கேட்பதில்லை. விற்பவன் கையில் விடை கூறும் ஏடும் இல்லை. பார்க்கப்பட்டதெல்லாம் தோல், கேட்கப்படாதது மரபு.

மாட்டின் மேனியில் பால் எழுதப்பட்டிருக்கிறது என்னும் பொய் பல மொழிகளில் வழங்குகின்றது. தமிழில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று, வடமொழியில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. இவ்விதழைக் கையிலெடுப்போர் வடமொழிப் பொய்க்கு விழும் அடியை முதலிற் காண விரும்புவர். ஆயின் தன் வீட்டுக் குப்பையைக் கூட்டாமல் அடுத்தவன் வாயிலைப் பழிப்பவன் சொல்லை எவரும் மதியார். ஆகலின் தமிழ்ப்பொய்யினின்றே தொடங்குதல் முறை.

மாட்டு வாகடம் என்னும் பெயரில் சுவடிகளும் மலிவுப் பதிப்புகளும் தமிழகமெங்கும் உலவின. அவற்றின் வழியாகவும் வாய்மொழியாகவும் பரவிய சுழிக்கணக்கு பெரிது. கோபுரச் சுழி நன்று, பாடைச் சுழி இருந்தால் வீட்டில் பாடை கட்டவேண்டி வரும், துடைப்பைச் சுழி இருந்தால் செல்வம் துடைத்துக்கொண்டு போகும், பூரான் சுழிக்கு ஒரு பயன், முக்கண் சுழிக்கு ஒரு பயன். பெயர்கள் தூய தமிழ்ப் பெயர்கள்தாம். கேட்கச் செவிக்கு இனியவையும் ஆம். ஆயினும் சுழி என்பது யாது? கன்று தாய்வயிற்றில் வளரும்போது தோலில் மயிர்க்கால்கள் சாய்ந்து அமையும் திசை. அத்திசைகள் ஓரிடத்தில் கூடும்போது மயிர் சுழல்கின்றது. அவ்வளவே. மாந்தர் உச்சியிலும் சுழி உண்டு. அதைக் கொண்டு ஒருவன் தமிழில் எத்தனை மதிப்பெண் பெறுவான் என எந்த ஆசிரியரும் கணிப்பதில்லை.

இப்பொய் வெறும் வேடிக்கையன்று. பாடைச் சுழி என்னும் பழி விழுந்துவிட்டால் நல்ல மடியும் நல்ல உடலும் உடைய ஆ அடிமாட்டு விலைக்குப் போகின்றது. கோபுரச் சுழி என்னும் புகழ் ஏறிவிட்டால் வற்றிய மடி பொன்விலைக்குப் போகின்றது. இரண்டிலும் ஊதியம் தரகனுக்கு, இழப்பு உழத்திக்கு. தமிழ்ச்சொல்லால் ஆனது என்பதற்காக இதனைத் ‘தமிழர் அறிவியல்’ எனத் தூக்கிப் பிடிக்கும் அன்பர் சிலர் உளர். அவர்கள் தமிழுக்குச் செய்வது தொண்டன்று.

இனிப் பிரெஞ்சுப் பொய். புதுச்சேரியார்க்குப் பிரெஞ்சுக்காரரைப் பற்றி ஒரு மயக்கம் இன்றும் உண்டு. கடற்கரைத் தெருக்களின் மஞ்சட் சுவரைக் கண்டவுடன் அறிவெல்லாம் அங்கிருந்தே வந்தது எனக் கருதுவோர் உளர். போர்தோ நகருக்கு அருகிலுள்ள இலிபூர்ன் என்னும் ஊரினன் பிரான்சுவா கெனோன் என்பான். 1838-இல், புதுச்சேரி பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்த நாளில், கறவை மாடுகளைப் பற்றி அவன் ஒரு நூல் வெளியிட்டான். அந்நூலின் உயிர்க்கருத்து இது: மாட்டின் பின்புறத்தில், மடிக்கு மேலே பின்னந்தொடைகளுக்கிடையில், மயிர் கீழ்நோக்கிச் சாயாமல் மேல்நோக்கி வளரும் பரப்பு ஒன்று உண்டு, கேடயம்போல் தோன்றும் அப்பரப்பின் வடிவையும் அகலத்தையும் கண்டு மாடு எத்துணைப் பால் தரும், எத்துணைத் திங்கள் தரும் எனக் கூறிவிடலாம். அவ்வடிவங்களை அவன் வகுப்பு வகுப்பாகப் பிரித்துப் படம் வரைந்தான். போர்தோவின் வேளாண் கழகத்தார் அவனைப் பாராட்டினர். நூல் பிற மொழிகளிற் பெயர்ந்தது. அமெரிக்க உழவரும் மாட்டின் வாலைத் தூக்கிப் பார்த்து விலை பேசினர்.

பாகூர்த் தரகனின் சுழிக்கும் போர்தோ அறிஞர் போற்றிய கேடயத்துக்கும் வேறுபாடு யாது? ஒன்று மயிர் சுழல்வது. மற்றொன்று மயிர் நிமிர்வது. ஐரோப்பியர் செய்த நன்மை ஒன்றுண்டு; அதை மறைத்தல் தகாது. அவர்கள் பின்னர்ப் பாலை அளந்தனர். 1890-இல் அமெரிக்கராகிய பாப்காக்கு பாலின் கொழுப்பை எளிதில் அளக்கும் முறையைக் கண்டார். 1895-இல் தென்மார்க்கு நாட்டின் வேயன் என்னும் ஊரில் உழவர்கள் கூடித் தத்தம் மாடுகளின் பாலையும் கொழுப்பையும் முறையாக அளந்து எழுதிவைக்கக் கழகம் அமைத்தனர். ஏடு வந்தது, கேடயம் வீழ்ந்தது. அளந்த பாலையும் மயிர்ப்பரப்பையும் ஒப்பிட்டபோது கெனோனின் கணிப்பு மாடு வாங்குவோர்க்கு உதவாது எனக் கண்டு ஒதுக்கினர். தம் பொய்யைத் தாமே அளந்து வீழ்த்தியதுதான் அவர்தம் பெருமை, மஞ்சட் சுவரன்று.

வடமொழிப் பொய்க்கு வருவோம். இது சுழியைப்போல் ஊர்ப்புறத்தில் தானே முளைத்ததன்று. அரசின் அரியணையில் அமர்த்தப்பட்டது. நடுவணரசு 2019-இல் ‘இராட்டிரிய காமதேனு ஆயோக்’ என்னும் அமைப்பை நிறுவியது. 2021 சனவரியில் அவ்வமைப்பு நாடெங்கும் மாணவரும் பொதுமக்களும் எழுதுவதற்கென்று ‘ஆ அறிவியல்’ தேர்வொன்றை அறிவித்தது. பிப்பிரவரி 25 தேர்வு நாள். அதற்குரிய பாட ஏட்டில், உள்நாட்டு ஆவின் திமில் கதிரவன் ஆற்றலை ஈர்க்கும் தனித்திறன் உடையது என்றும், அதன் பால் மஞ்சளாய் இருப்பது பொன் கலந்திருப்பதால் என்றும் எழுதப்பட்டிருந்தது. அதற்கு முன்பே, 2019 நவம்பரில், மேற்கு வங்க அரசியல் தலைவர் ஒருவரும் இதே பொன்னைப் பற்றி மேடையில் முழங்கியிருந்தார். திமிலினுள் ‘சூரிய கேது நாடி’ என ஒரு நரம்பு ஓடுகின்றதாம். அது வெயிலைப் பொன்னாக்கிப் பாலில் இறக்குகின்றதாம். அறிவியலார் நகைத்தனர், தேர்வு நடைபெறவில்லை. ஆனால் அத்துண்டறிக்கைகளும் பேச்சுகளும் இன்றும் கைப்பேசிகள் வழியாக உலவுகின்றன. அவற்றைத் தமிழாக்கி அனுப்புவோரும் உளர்.

திமில் என்பது யாது? கழுத்துக்கும் தோளுக்கும் இடையே தசையும் கொழுப்பும் கூடிப் புடைத்த பகுதி. சங்கநூல்கள் அதனை இமில் எனக் குறித்தன. ஏறுதழுவுவோன் அதனைப் பற்றினான். பால்தராத காளைக்கே திமில் பெரிது; பால்தரும் ஆவுக்குச் சிறிது. பாலுக்கு ஊற்று திமிலாயின் முதலிற் காளையைக் கறக்க வேண்டும்! மேலும் ஒன்று. கூர்ச்சரத்துக் கிர் இனத்துக்குத் திமிலுண்டு. பஞ்சாபுப் பக்கத்துச் சாகிவாலுக்குத் திமிலுண்டு. காங்கேயத்துக்கும் உம்பளச்சேரிக்கும் திமிலுண்டு. கிரும் சாகிவாலும் ஒரு கறவைக் காலத்தில் நிரலளவாக 2,000 கிலோவுக்கு மேற்படக் கறக்கின்றன. காங்கேயமும் உம்பளச்சேரியும் ஏறத்தாழ 500 முதல் 600 கிலோ அளவில் நிற்கின்றன. எல்லாம் திமிலுடையன, பால் நான்கு மடங்கு வேறுபடுகின்றது. திமிலே இல்லாத ஓல்சுட்டீன் அமெரிக்காவில் ஆண்டுக்குப் 10,000 கிலோவுக்கு மேற்படக் கறக்கின்றது. திமிலுக்கும் பாலுக்கும் உறவு யாது என்பதை மூன்றாம் வகுப்பு மாணவனும் இக்கணக்கால் அறிவான்.

பொன்னின் கதையும் அத்தகையதே. பாலுக்கு மஞ்சள் தருவது பச்சைப் புல்லிலுள்ள ஒரு நிறப்பொருள். காரட்டுக் கிழங்குக்கு நிறம் தருவதும் அதுவே. எருமை அதனைத் தன் உடலிலேயே உயிர்ச்சத்தாக மாற்றிவிடுவதால் எருமைப்பால் வெளுத்திருக்கின்றது. ஆ முழுதும் மாற்றாததால் ஆவின் பால் மஞ்சளிக்கின்றது. உலகிலேயே பொன்னிறப் பாலுக்குப் பெயர்பெற்றது ஆங்கிலக் கால்வாயிலுள்ள கெர்ன்சித் தீவின் மாடு. அதற்குத் திமில் இல்லை. காமதேனுவார் கணக்குப்படி பொன் வெட்டியெடுக்க வேண்டிய இடம் அத்தீவு!

திமிலுடைய மாட்டினம் சிந்துவெளிப் பக்கத்தில் தனியே வீட்டு விலங்காக்கப்பட்டது என்பதும், சிந்து முத்திரைகளில் அதன் உருவம் மிடுக்கோடு நிற்பதும், வெயிலையும் உண்ணியையும் தாங்குவதில் அது சீமை மாட்டை விஞ்சுவதும் உண்மைகள். இவை போதாவா? உண்மைப் பெருமை கைநிறைய இருக்கப் பொய்ப்பொன்னுக்குக் கையேந்துவது எத்தகைய வறுமை!

நான்காவதாகிய ஆங்கிலப் பொய் மிகக் குறும்பானது; ஏனெனில் அது அறிவியல் உடை அணிந்து வருவது. கறுப்பும் வெள்ளையுமாய்த் திட்டுத்திட்டாய் இருந்தால் ‘எச்செப்பு’, செம்மான்நிறமாய் இருந்தால் ‘செர்சி’. இரண்டும் குடம்குடமாய்க் கறக்கும் எனச் சந்தை கூவுகின்றது. நிறத்தை ஆள்வன ஒருசில மரபணுக்கள்; பாலை ஆள்வன மிகப் பல. ஒன்றைக் கண்டு மற்றொன்றை அறிய முடியாது. கலப்பினத்தில் எத்தலைமுறை, எவ்வளவு கலப்பு என்பதைத் திட்டுகள் சொல்லமாட்டா. தமிழ்நாட்டரசின் இனப்பெருக்கக் கொள்கையே சமவெளிக்குச் செர்சியையும் நீலமலை போன்ற குளிர்ந்த மலைப்பகுதிக்கு ஓல்சுட்டீனையும் வகுத்தது. புதுச்சேரி வெயிலில் கறுப்பு வெள்ளையை வாங்கி நிழலும் நீரும் இன்றிக் கட்டுவோர் அதனை எண்ணுவதில்லை.

நிறத்தை நம்புவோர் காரைக்காலுக்குச் சென்று, அதற்குத் தெற்கே தலைஞாயிற்றுப் பக்கத்து உம்பளச்சேரி வரை நடந்து வரட்டும். அவ்வூரின் பெயரால் அமைந்த மாட்டினத்தின் கன்று பிறக்கும்போது செந்நிறம் அல்லது பழுப்பு நிறம். ஆறு திங்கள் ஆகும்போது சாம்பல் நிறமாகின்றது. காங்கேயக் கன்றும் அவ்வாறே. ஒரே உயிர், ஒரே மரபு, இரண்டு நிறம்! நெற்றியில் வெள்ளைப் பொட்டும் காலில் வெள்ளையும் உடைய இச்சிறு மாடு கடைமடைச் சேற்றில் உழுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டது. உடல் சிறிது, கால் வலிது, சேற்றில் ஆழாதது. பாலுக்கெனத் தெரிந்தெடுக்கப்படாததால் பால் குறைவு. இது அதன் இழிவன்று. உழவர் அதனிடம் கேட்டது ஏர், அது தந்தது ஏர். கேட்டதைத்தான் மரபு தரும்.

இவ்வினத்தில் இன்னொரு செய்தியுண்டு. மரபியலைப் பள்ளியில் கற்பிப்போர் இதனைக் கட்டாயம் கூற வேண்டும். உம்பளச்சேரி எருதுகளுக்குக் கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. மொட்டை மாடு, மோழை மாடு என்னும் பெயர்கள் அதனால் வந்தன. எத்தனையோ தலைமுறையாகத் தீய்த்தும் அவ்வினத்தின் கன்று கொம்போடுதான் வளர்கின்றது. உடலுக்குச் செய்தது உடலோடு போகின்றது. வித்தில் உள்ளதே வழிவழி வருகின்றது. ஐரோப்பிய ஆய்வர் எலியின் வாலை அறுத்து அறுத்துக் கண்ட உண்மையைத் திருத்துறைப்பூண்டித் தொழுவம் அறியாமலே மெய்ப்பித்துக்கொண்டிருந்தது.

அங்ஙனமாயின் மேனியில் பார்க்கத்தக்கது ஒன்றுமே இல்லையா? உண்டு. பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். மடி நான்கு தனி அறைகளை உடையது. ஓர் அறையின் பால் மற்றதற்குச் செல்லாது. ஆகலின் ஒரு காம்பு அடைத்தால் கால் பங்கு போயிற்று. ஓர் இலிட்டர் பால் சுரக்க 400 முதல் 500 இலிட்டர் குருதி மடிவழியே சுற்றிவர வேண்டும். கறந்தபின் துணிப்பைபோல் சுருங்கி மடியும் மடி சுரப்புமடி. கறந்த பின்னும் கெட்டியாய் நிற்பது வெறுஞ்சதை. வயிற்றோடு இறுகப் பொருந்திய மடி நெடுநாள் உழைக்கும். பின்னங்கால் முழங்கணுவுக்குக் கீழே தொங்கும் மடி மிதிபட்டும் அழுக்குப்பட்டும் மடிநோய்க்கு இடமாகும். கால் நேராக நின்றால் மேய்ச்சலுக்கு நடக்கும். விலா அகன்றால் தீனி கொள்ளும். உலக நாடுகளில் மாட்டின் உறுப்புகளை ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பெண் இட்டு எழுதுவது இதற்காகவே. ஆனால் இவையும் மாடு எத்துணை நாள் நின்று கறக்கும் என்பதையே மிகுதியும் கூறும். எவ்வளவு கறக்கும் என்பதைச் சிறிதே கூறும். வயிற்றடியில் புடைத்தோடும் பால்நரம்பைக் கண்டு மயங்குவோரும் இதனை நினைவிற் கொள்க.

மடியைப் பார்ப்பதிலும் ஏமாற்று உண்டு. சந்தைக்கு முதல்நாள் கறவாமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுவது பழைய கள்ளம். மாட்டுக்கு அதனால் நோவு. வாங்குவோர்க்கு அதனால் மயக்கம். முதற்கறவையை எண்ணாது, அடுத்தடுத்த இருவேளை கண்முன்னே கறந்து அளந்து வாங்குவதொன்றே காப்பு.

இனி மரபு. ஒரே தொழுவில் ஒரே தீனி உண்ணும் ஆக்களுக்கிடையே காணும் பால் வேறுபாட்டில் கால் பங்கிலிருந்து மூன்றிலொரு பங்குவரை பிறப்புவழி வருவது என ஆய்வர் கணித்துள்ளனர். எஞ்சியது தீனி, நீர், நிழல், நோய், கறப்பவர் கை. பாலின் கொழுப்பு விழுக்காட்டிலோ பிறப்பின் பங்கு ஏறத்தாழப் பாதி. 2002-இல் பெல்சியத்திலும் செருமனியிலும் இருந்த ஆய்வர், மாட்டின் 14-ஆம் நிறப்புரியில் — பள்ளி நூல்கள் குரோமோசோம் என்று குறிப்பது — ஒரு மரபணுவில் நேர்ந்த ஓரிட மாற்றமே பாலைக் கொழுப்பாக்குவதையும் அளவிற் குறைப்பதையும் செய்கின்றது எனக் கண்டனர். திமிலுடைய இனங்களில் கொழுப்புப் பக்கத்து வடிவமே மிகுந்து காணப்படுகின்றது. நாட்டு மாட்டுப்பால் ஏன் தடிப்பு என்னும் கேள்விக்கு ஒரு மெய்விடை இது. பொன்னும் இல்லை, நாடியும் இல்லை.

காளைக்கு மடி இல்லை. ஆயினும் மகளின் பாலுக்குரிய மரபில் பாதி காளையினுடையது. இஃது எண்ணிப் பார்க்கத்தக்க அரிய செய்தி. பால்கறவாத உயிரின் பால்திறனை அறிவது எங்ஙனம்? அதன் பெண்மக்களின் பாலை அளந்து. வேறு வழி நெடுங்காலம் இருந்ததில்லை. இந்நாளில் மரபணுவைப் படித்துக் கன்றுப் பருவத்திலேயே கணிக்கின்றனர். ஆயினும் அக்கணிப்பும் ஆயிரக்கணக்கான ஆக்களின் பாலேட்டின்மேல் எழுந்த கட்டடமே. ஏடு இல்லையேல் மரபணுவும் ஊமை.

ஒரு காளையை மட்டும் கொண்டாடுவதன் கேட்டையும் ஏடே காட்டிற்று. 1962-இல் பிறந்த ‘ஆர்லிந்தா சீப்’ என்னும் அமெரிக்க ஓல்சுட்டீன் காளைக்கு 16,000-க்கு மேற்பட்ட பெண்மக்கள். பால் பெருகிற்று, உலகெங்கும் அதன் வித்து சென்றது. அதன் குருதியில் ஒளிந்திருந்த ஒரு மரபணுக்குறை, இருபாலும் கூடியபோது கருவிலேயே கன்றைக் கொன்றது. ஐந்நூறாயிரத்துக்கும் மேற்பட்ட கருக்கள் அழிந்தன எனப் பின்னர்க் கணித்தனர். அக்காளையின் தோற்றத்தில் எக்குறையும் தெரிந்திலது. எச்சுழியும் எச்சரிக்கவில்லை.

இவற்றையெல்லாம் உழத்திக்கு எம்மொழியிற் சொல்வது? சிக்கல் இங்கேதான் முற்றுகின்றது. புதுச்சேரி குரும்பாபேட்டையில் 1994-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு, கற்பிப்பது ஆங்கிலத்தில். அதே ஊரில் பாண்லே கூட்டுறவு ஒன்றியம் உண்டு. நடுவணரசின் திட்டங்களோ பெயரிலேயே தமிழரைத் தொழுவத்துக்கு வெளியே நிறுத்துகின்றன: 2014-இல் ‘இராட்டிரிய கோகுல் மிசன்’, மாட்டின் காதில் பன்னிரண்டு எண்ணுடைய மஞ்சள் வில்லைக்குப் ‘பசு ஆதார்’, அவ்வெண்கள் சென்றடங்கும் களஞ்சியத்துக்குப் ‘பாரத் பசுதன்’, 2024 அக்தோபர் 5-இல் மராட்டியத்து வாசிமில் தலைமை அமைச்சர் வெளியிட்ட உள்நாட்டு மாடுகளின் மரபணுச் சில்லுக்குக் ‘கௌ சிப்’. முன்பாதி வடமொழி, பின்பாதி ஆங்கிலம். உடலில் கலப்பினத்தைக் குறைத்துத் தூய நாட்டினத்தைக் காக்கவந்த கருவிக்குப் பெயர் கலப்பினம்! கருவி நல்லது, அதனைப் பழித்தல் அறியாமை. ‘ஆன் மரபுச்சில்லு’ என்றால் அது வேலை செய்யாதா?

தமிழில் சொல் இல்லை என்பார்க்குத் தொல்காப்பியத்தின் மரபியலைக் காட்டுக. விலங்குகளின் இளமைக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பெயர்களை வகுத்த இயல் அது. கன்று, நாகு, ஏறு எல்லாம் அங்கே உள்ளன. (அங்கு மரபு என்றது சொல்வழக்கை, தொல்காப்பியர் மரபணுவைக் கண்டார் எனப் பிதற்றுவோர் காமதேனுவார்க்கு உடன்பிறந்தார்.) ஊர்வழக்கிலோ கிடாரி, சேங்கன்று, தலையீற்று, சினை, கறவை, வறட்டு மாடு என ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சொல். இச்சொற்களைக் கொண்டு ஓர் ஏடு அமைக்க எத்தனை நாழிகை ஆகும்? தாயின் கறவை அளவு, எத்தனையாம் ஈற்று, காளையின் எண், அக்காளையின் மகளிர் கறந்த அளவு, கொழுப்பு. ஐந்து பத்திகள். ஊர்ப் பால் கழகத்தில் இருவேளையும் பால் அளக்கப்பட்டு எழுதப்படுகின்றது. எழுதப்படுவது வீட்டின் பால், மாட்டின் பாலன்று. ஒரு வீட்டில் மூன்று கறவை இருந்தால் மூன்றும் ஒரே குடத்தில் மறைகின்றன. திங்களுக்கு ஒருநாள் மாடுமாடாய் அளந்து தனித்தனியே எழுதினாலே போதும். உலகெங்கும் பாலேடு அவ்வாறே நடக்கின்றது. சினை ஊசி போட வருபவர் அந்த ஏட்டில் காளையின் எண்ணை எழுதட்டும். எழுதாமற்போனால் பிறக்கும் கிடாரி தந்தைபெயர் அறியாத கிடாரி.

நாட்டு மாட்டுக்காக முழங்கும் தமிழன்பர்க்கும் ஒரு சொல். 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உள்நாட்டு மாடுகள் ஏறத்தாழ 14 கோடியே 21 இலக்கம்; முந்தைய கணக்கினும் 6 விழுக்காடு குறைவு. குறைவதன் கரணியம் பால் குறைவு என்பதன்று; ஏரும் கவலையும் வண்டியும் பொறிகளிடம் சென்றபின் அவற்றுக்கு வேலை இல்லாமற் போயிற்று. காளைக்கு வேலை போனபின் ஆவையேனும் பாலால் காக்க வேண்டுமானால் உம்பளச்சேரியிலும் காங்கேயத்திலும் மிகுதியாய்க் கறக்கும் தாய்களை அளந்து கண்டு அவற்றின் வழியைப் பெருக்க வேண்டும். கொருக்கை அரசுப் பண்ணையில் உம்பளச்சேரி இனம் பேணப்படுகின்றது. ஆனால் ஊர்த்தொழுவங்களில் அளக்கும் கை பெருகாமல் பண்ணை ஒன்றே இனத்தைக் காவாது. அதனை விட்டுவிட்டு ‘ஏ2 பால்’ என ஆங்கில எழுத்தும் எண்ணும் ஒட்டிய புட்டிகளை மிகுவிலைக்கு வாங்கித் தமிழினம் காத்ததாய்க் களிப்பது வீண். அப்பண்பு திமிலிலோ நிறத்திலோ தெரிவதன்று. பால்புரதத்தின் 67-ஆம் இடத்தில் நிற்கும் ஒரு கூறு. நாட்டினங்களில் அது மிகுதி; சீமை மாடுகளிலும் பலவற்றில் உண்டு. அதனால் நோய் தீரும் எனக் காட்டும் உறுதியான சான்று இல்லை. 2009-இல் ஐரோப்பிய உணவுக் காப்பு அமைப்பு ஆராய்ந்து அவ்வாறே கூறிற்று. இந்திய உணவுக் காப்பு ஆணையம் 2024 ஆகத்து 21-இல் அவ்வொட்டுச் சீட்டை நீக்கக் கட்டளையிட்டு, ஐந்தே நாளில் அக்கட்டளையைத் திரும்பப் பெற்றது. வணிகர் குரல் எத்துணை வலிது என்பதற்கு அந்த ஐந்து நாள் போதும்.

பாகூர்த் தொழுவுக்கு மீள்வோம். துண்டு இன்னும் விரிந்தே கிடக்கின்றது. இம்முறை உழத்தி தமையனை விலக்கிவிட்டுத் தானே கேட்கின்றாள்: “இதன் தாய் எவ்வளவு கறந்ததையா?” தரகன் மாட்டைப் பார்க்கின்றான், விற்பவனைப் பார்க்கின்றான். பின்னர் மாட்டின் நெற்றிமயிரை விரலால் ஒதுக்கி, அச்சுழியையே மறுபடியும் காட்டுகின்றான்.